பீர் சாயும் திசை

காத்தமுத்து குவளையைக் கைப்பிடியோடு தூக்கி விளக்குக்கு நேராக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். கண்ணாடி சுற்றியது, கண்ணாடியில் பொறித்திருந்த சேவல் சுற்றியது, பீர் மட்டும் சுற்றவில்லை. அது வடமேற்கு மூலையைப் பார்த்து ஒரு விரற்கடை ஏறி நின்றது. அந்த மூலையில் ஒரு மணல் வாளியையும் போன வருஷத்துக் காலண்டரையும் தவிர வேறொன்றும் இல்லை. கடைக்காரர் தனிஸ்லாஸோ அதற்கு நேர் எதிர் மூலையில், கல்லாவுக்குப் பின்னால், பீர்க் குழாய்களை ஈரத்துணியால் துடைத்தபடி யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார்.

காத்தமுத்து குவளையை வைத்துவிட்டுக் குனிந்து மேசையின் கால்களைப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசையைப் பார்த்தார். அங்கே வங்கிக்காரர் புருஷோத்தமன் பாதி குடித்து வைத்திருந்த பீரும் அந்த மூலையையே பார்த்தது. அதற்கடுத்த மேசையிலும், அதற்கடுத்த மேசையிலும், தேர் வரப்போகும் தெருமுனையைப் பார்த்து எக்கி நிற்கிற கூட்டம்போல எல்லாக் குவளைகளிலும் பீர் ஒரே பக்கம் எக்கி நின்றது. வெள்ளிக்கிழமை, தொலைக்காட்சியில் கிரிக்கெட், யாரும் குவளைக்குள் பார்க்கிற நேரமில்லை.

"இன்னா மாஸ்டர், உள்ளே ஈ விழுந்துட்டுச்சா?" என்றார் புருஷோத்தமன்.

"ஒண்ணுமில்லே. நீ குடி."

காத்தமுத்து அன்று குடிக்கவில்லை. குவளையை அப்படியே வைத்துவிட்டு, அது தூங்கிவிட்ட குழந்தை என்பதுபோல நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு எழுந்து போனார்.

தனிஸ்லாஸின் பீர் தனிஸ்லாஸ் இருக்கிற பக்கம் சாயும் என்பது முதலியார்பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பிரான்சின் வடக்கே ஏதோ ஒரு ஊரில் பீர் ஆலையில் பாதி வயசைக் கழித்துவிட்டு மனைவி ரெஜினாவோடு திரும்பி வந்து, மூடிக் கிடந்த ஐஸ் ஃபேக்டரியை வாங்கி, அதற்குள் செம்புத் தொட்டிகளை இறக்கி, கேழ்வரகையும் பார்லியையும் ஊறவைத்து அவர் வடித்த முதல் பீரை முதல் குவளையில் ஊற்றியபோதே அது அவர் நின்ற பக்கம் ஏறி நின்றது. அவர் வலப்பக்கம் நடந்தால் வலப்பக்கம் ஏறியது, இடப்பக்கம் போனால் இடப்பக்கம். தொட்டிகளை மந்திரித்துத் தண்ணீர் தெளிக்க வந்த பங்குச் சாமியார் அதைப் பார்த்துவிட்டு, நாய்க்கும் பசுவுக்கும் உள்ள குணம் பார்லிக்கு இருக்கக் கூடாதா என்று கேட்டார். பொறியியல் கல்லூரியிலிருந்து ரசமட்டத்தோடு வந்த ஒரு பேராசிரியர் இதை நன்றாக ஆராய வேண்டும் என்று சொல்லி, நன்றாக ஆராய்ந்து, ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவைக்கப்பட்டார். அளவுக் கோட்டைத் தொட்டு ஊற்றுகிறார்களா என்று பார்க்க வந்த அதிகாரிக்குத்தான் சங்கடம், ஒரு பக்கம் கோட்டுக்கு மேலே, மறுபக்கம் கோட்டுக்குக் கீழே. அவர் வெகுநேரம் யோசித்து, நடுவில் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

ஊர் இதற்குள் தன்னைப் பொருத்திக்கொண்டது. பரிமாறுகிற கலியமூர்த்தி குவளையை மேசையில் வைக்கும்போதே, ஏறிய பக்கம் வாய்க்கு எதிர்ப்பக்கமாக வரும்படி கைப்பிடியைத் திருப்பி வைக்கக் கற்றுக்கொண்டார், இல்லாவிட்டால் மீசையெல்லாம் நுரை. ரெஜினா, கணவர் எங்கே என்று யாரையும் கேட்பதில்லை. அடுக்களையில் ஒரு சிறு தம்ளர் பீர் எப்போதும் இருக்கும், அதைப் பார்த்து, வடக்கே சாய்ந்தால் மார்க்கெட், கிழக்கே சாய்ந்தால் கடற்கரையில் அரட்டை என்று உலை வைப்பார். தனிஸ்லாஸ் வேளாங்கண்ணிக்குப் போன வாரம் முழுக்க பீர் தெற்கே பார்த்து நின்றது. மாடியில் காய்ச்சலோடு படுத்திருந்த நாட்களில் ஆப்பம்போல நடுவில் குவிந்து நின்றது. குடிக்க வந்தவர்கள் அதைப் பார்த்து, "மேலே படுத்துக்கினுகீறாரு, சத்தம் போடாதீங்க" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

மற்ற இடங்களில் குடிப்பவர்கள் முதல் வாய்க்கு முன்னால் ஒரு விரலை நனைத்து இப்படி அப்படி இரண்டு சொட்டு உதறுவார்கள், யாருக்கு என்று கேட்டால் தெரியாது. இங்கே தெரியும். பீர் சாய்கிற பக்கம் பார்த்து, தனிஸ்லாஸ் நிற்கிற பக்கம் பார்த்து ஒரே ஒரு சொட்டு உதறிவிட்டுத்தான் குடிப்பார்கள். ரொம்பப் பக்கத்தில் நின்றால் அது அவர் சட்டையிலேயே விழும். அவருடைய வெள்ளைச் சட்டைகள் எல்லாம் வயிற்றுப் பக்கம் மஞ்சள் புள்ளி போட்டிருந்தன.

காத்தமுத்துவுக்கு அந்தச் சொட்டு விளையாட்டல்ல. அவருடைய அப்பா சித்தாள் வேலைக்குப் போனவர், ஒரு பொங்கல் சமயத்தில் பாக்கெட் சாராயம் குடித்துக் கண் இரண்டையும் இழந்தார்; கூடக் குடித்தவர்களில் சிலர் வீட்டுக்கே திரும்பவில்லை. விற்றவளைப் பிடித்துக் கேட்டார்கள், சைக்கிள்காரன் கொடுத்தான் என்றாள். சைக்கிள்காரன் வேன்காரனைச் சொன்னான், வேன்காரன் ஒரு குடோனைச் சொன்னான், குடோனில் ஒரு காவல்காரர் இருந்தார், அவர் எனக்குச் சம்பளம் வருகிறது ஐயா, யார் தருகிறார்கள் என்று தெரியாது என்று சொல்லி அழுதார். அத்தோடு அது நின்றுபோனது. அப்பா அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் "யாருது?" என்பார். சோப்பை எடுத்துக் கொடுத்தால் "யாருது?" என்பார். தட்டில் போட்ட சோற்றைத் தொட்டுக்கொண்டே, பெற்ற மகன் கொடுத்த சோற்றைத் தொட்டுக்கொண்டே, "யாருது?" என்பார். உடையவன் முகத்தைப் பார்க்க முடியாத சரக்கை வாயில் வைப்பதில்லை என்று காத்தமுத்து அந்தக் காலத்திலேயே முடிவெடுத்துவிட்டார். அப்படிப் பார்த்தால் உலகத்தில் குடிக்க ஒன்றுமே இல்லை என்பதால் ஐம்பது வயதுவரை குடிக்காமலே இருந்தார். வெளிநாட்டில் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய தனிஸ்லாஸ், இடப்பக்கம் ஓட்டக் கற்றுக்கொள்ள அவருடைய டிரைவிங் ஸ்கூலுக்கு வந்ததில்தான் பழக்கம். ஓட்டக் கற்றுக்கொண்டதும் தனிஸ்லாஸ் அவரைக் கடைக்கு அழைத்துப்போய் ஒரு குவளை வைத்தார். அது யாருடையது என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அதுவே முதலாளியைத் தேடிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து, வகுப்புகள் முடிந்து வண்டியை நிறுத்திய பிறகு, நாளுக்கு ஒரு குவளை, தனிஸ்லாஸ் கண்ணெதிரே நிற்க.

அதனால்தான் மறுநாள் காலையில், கடை திறக்கும் முன்னால் போய் நின்றார்.

"தனிசு, வித்துட்டியா?"

தனிஸ்லாஸ் மாவு மூட்டை ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார். மூட்டையை விடாமலே, "எத்தை மாஸ்டர்?" என்றார்.

"கடையை."

"யாரு சொன்னா?"

"பீர் சொல்லுது."

தனிஸ்லாஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்புத்தான், ஆனால் காத்தமுத்து, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் கண்ணாடியைப் பார்ப்பதுபோல நடிக்கிற மாணவர்களை வாழ்நாளெல்லாம் பார்த்தவர். "புது ஏசி போட்டிருக்கேன் மாஸ்டர். காத்து அந்த மூலைக்குத் தள்ளுது. மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கேன்."

மெக்கானிக் வரவில்லை, தச்சர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வந்தபோது கல்லா இடம் மாறியிருந்தது. குழாய்களும் கண்ணாடி அலமாரியும் சேவல் பலகையும் வடமேற்கு மூலைக்குப் போயிருந்தன, மணல் வாளி இருந்த இடத்தில் தனிஸ்லாஸ் நின்றார், எல்லா மேசைகளிலும் பீர் அவரைப் பார்த்து ஏறி நின்றது. வாஸ்து என்றார்.

"ஞாயித்துக்கிழமை தவறாம பூசைக்குப் போறவனுக்கு வாஸ்து எப்போலேர்ந்து?" என்றார் காத்தமுத்து.

"உனக்கு எதுலதான் சந்தேகம் வரல?" என்றார் புருஷோத்தமன். "எல்லாம் சரியாத்தானே கீது? ஆள் அங்கே, பீர் அங்கே பாக்குது. உதறிட்டுக் குடி மாஸ்டர்."

அன்று பலபேர் நிம்மதியாகக் குடித்தார்கள், ஏனென்றால் வெள்ளிக்கிழமையே அரசல்புரசலாக அவர்களும் பார்த்திருந்தார்கள், பார்த்ததைச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று வாயைத் திறக்காமல் இருந்தார்கள். காத்தமுத்து தன் குவளையை முன்னால் வைத்துக்கொண்டு தனிஸ்லாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் மேசைக்கு மேசை போய், தோளில் கை போட்டு, புதுத் தொட்டியிலிருந்து ஒரு வாய் ருசி பார்க்கச் சொல்கிற மனுஷன் அன்று அந்த மூலையைவிட்டு ஓர் அடி நகரவில்லை. கழிப்பறைக்குக்கூடப் போகவில்லை, அது தென்பக்கம் இருந்தது.

ஒரு வாரம் அப்படிப் போனது. மறு ஞாயிறு காத்தமுத்து ஒரு கேக் வாங்கிக்கொண்டு வந்தார். கடையின் தென்கோடி மேசையில், வாசலுக்குப் பக்கத்தில் வைத்து, மெழுகுவத்தி கொளுத்தி, கல்லாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தனிசு, வா, வந்து வெட்டு."

"யாருக்குப் பிறந்த நாள் மாஸ்டர்?"

"டிரைவிங் ஸ்கூலுக்கு. முதல் போர்டு மாட்டின நாள். நீ வந்து நில்லு, ஒரு போட்டோ எடுத்துக்குவோம்."

"இங்கே கொண்டாங்களேன்."

"மெழுகுவத்தி அணைஞ்சிடும். வா."

எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனிஸ்லாஸ் கையைத் துடைத்தார், ஒரு முறை துடைத்த கையை இன்னொரு முறை துடைத்தார், கலியமூர்த்தியைப் பார்த்தார், கலியமூர்த்தி மேற்கூரையைப் பார்த்தார். பிறகு தனிஸ்லாஸ் கல்லாவின் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, மேசைகளுக்கு நடுவே, எல்லாக் குவளைகளையும் ஒவ்வொன்றாகத் தாண்டி, காத்தமுத்துவின் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு பீர்கூடத் திரும்பவில்லை. அவை எல்லாம் அவருக்கு முதுகு காட்டிக்கொண்டு, ஆளில்லாத கல்லாவையும் அதற்கப்பால் சுவரையும் சுவருக்கப்பால் என்னவோ ஒன்றையும் பார்த்தபடி எக்கி நின்றன. தனிஸ்லாஸ் கேக்கை வெட்டினார். கத்தி நேராகப் போகவில்லை. காத்தமுத்து ஒரு துண்டை எடுத்து அவர் வாயில் ஊட்டினார். புருஷோத்தமன் போட்டோ எடுத்தார். யாரும் கை தட்டவில்லை.

"யாருன்னாச்சும் சொல்லு," என்றார் காத்தமுத்து மெதுவாக.

"சொல்லக் கூடாது மாஸ்டர். மழைக்காலம் முடியற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க."

சொல்லாவிட்டால் பீரே சொல்லட்டும் என்று காத்தமுத்து மறுநாள் ஒரு குவளையை வாங்கி, எல் போர்டு மாட்டிய தன் காரின் முன்பக்கத்தில் புருஷோத்தமனை உட்காரவைத்து, அவர் மடியில் அதைக் கொடுத்து, அது காட்டிய பக்கம் வண்டியை விட்டார். வங்கிக்கு விடுமுறை, புருஷோத்தமனுக்கும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டுதான் இருந்தது. கோரிமேடு தாண்டினார்கள். எல்லைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"குடிச்சிக்கினே ஓட்றீங்களா? அதுவும் எல் போர்டுல?"

"குடிக்கலை சார். வழி பாத்துக்கினு போறோம்," என்றார் புருஷோத்தமன்.

போலீஸ்காரர் குவளையைப் பார்த்தார். அவரும் முதலியார்பேட்டைக்காரர்தான். "தனிஸ்லாஸ் கடையிதா? அவரு இன்னா பண்றாரு இந்தப் பக்கம்?"

"அவரு கடையிலதான் கீறாரு."

போலீஸ்காரர் இன்னொரு முறை குவளையைப் பார்த்தார். பிறகு அபராதம் போடாமல், ஏதோ சாவு வண்டியைப் போகவிடுவதுபோல ஒதுங்கி நின்றார்.

திண்டிவனம் போய்ச் சேரும்வரை பீர் மயிரிழைகூடத் திரும்பவில்லை. ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி, குவளையை பானெட்டின்மேல் வைத்துவிட்டு இருவரும் பார்த்தார்கள். அது இன்னும் வடமேற்கே, ஆரணியையும் வேலூரையும் தாண்டி, மலைகளையும் தாண்டி எங்கோ பார்த்தது.

"பம்பாயாத்தான் இருக்கும்," என்றார் புருஷோத்தமன். "பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் அங்கேதான்."

"அங்கே போனா முகம் தெரியுமா?"

"கட்டடம் தெரியும்."

காத்தமுத்து குவளையைச் சாலையோரத்துப் புளியமரத்தடியில் கவிழ்த்தார். கவிழ்த்த பீரும் மண்ணில் அந்தப் பக்கமாகத்தான் ஓடியது.

மழைக்காலம் முடிந்ததும் தனிஸ்லாஸ் தானாகவே காத்தமுத்துவின் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். இப்போது மூலையில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை, வாசலிலேயே கம்பெனியின் பெயர் சின்ன எழுத்தில் வந்துவிட்டது. சேவல் அப்படியே இருந்தது.

"நம்ம பாட்டில் போற எல்லா ஹோட்டலுக்கும் அவங்க ஃப்ரிட்ஜை சும்மா குடுத்துட்டாங்க மாஸ்டர்," என்றார். "அந்த ஃப்ரிட்ஜில என் பாட்டில் வெக்கக் கூடாது. கடலூர்லேர்ந்து மரக்காணம் வரைக்கும் ஒரு ஃப்ரிட்ஜ் பாக்கியில்லே. வெயில்ல வெச்சு எத்தனை நாளைக்கு விக்கறது? வித்துடுன்னாங்க. உன்னையே மேனேஜரா வெச்சுக்கறோம்னாங்க. எதுவும் மாறாது. அதே தொட்டி, அதே கேழ்வரகு, போர்டுல என் படம்கூடப் போடப்போறாங்க."

"படம் இருக்கும்."

"ருசி மாறியிருக்கா? நீங்களே குடிச்சிப் பாருங்க. மாறியிருந்தா என் மூஞ்சியில துப்புங்க."

காத்தமுத்துவைப் பயமுறுத்தியதே அதுதான். மற்றவர்கள் எல்லோரும் குடித்துவிட்டு, மாறவில்லை, ஒரு துளிகூட மாறவில்லை என்றார்கள். கைமாறின பொருள் மாறாமல் இருந்தால், அவருக்குத் தெரிந்தவரை, அது சமயம் பார்க்கிறது என்றுதான் அர்த்தம். அப்பா குடித்த பாக்கெட்டும் அன்று எல்லா நாளும் போலத்தான் இருந்ததாம்.

"நாளைக்கு இதுல ஒண்ணு ஆச்சுன்னா யாரு கழுத்தைப் பிடிக்கறது தனிசு?"

தனிஸ்லாஸ் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அவருடைய வெள்ளைச் சட்டை சுத்தமாக இருந்தது. கொஞ்ச நாளாக அதில் யாரும் சொட்டு உதறவில்லை.

ஆனாலும் காத்தமுத்து வராமல் இருக்கவில்லை. எப்போதும்போல வந்தார், எப்போதும்போல ஒரு குவளை சொன்னார், குடிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே ஒரு பன்னீர் சோடா குடித்தார். நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள், திருடனுக்குக் காவல் இருக்கிறார் என்றார்கள், இரண்டும் சரிதான். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பீர் பம்பாயைப் பார்த்தது, ஒரு மாதம் கடல் பக்கம் திரும்பி சிங்கப்பூரையோ எதையோ பார்த்தது, முதலாளி அங்கே போயிருக்கிறார்போலும் என்று ஊர் சொன்னது, பிறகு ஒரு நாள் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நடுங்கத் தொடங்கியது. கம்பெனி பங்குச் சந்தைக்குப் போய்விட்டது என்றார் புருஷோத்தமன். இனி நிறைய முதலாளிகள். குவளையின் மேற்பரப்பு முழுக்கக் குட்டிக் குட்டி மேடுகள், பூனையைத் தடவினால் முதுகு சிலிர்ப்பதுபோல ஓயாத சிலிர்ப்பு. ஊர் அதற்கும் தன்னைப் பொருத்திக்கொண்டது. சென்னையிலிருந்து வந்த இளவட்டங்கள் அதைப் படம் எடுத்துப் போட்டார்கள், கூட்டம் சேர்ந்தது, சொட்டு உதறுகிறவர்கள் எந்தப் பக்கம் உதறுவது என்று தெரியாமல் இரண்டு நாள் திணறி, மற்ற ஊர்க்காரர்களைப்போல இப்படி அப்படி உதறப் பழகிக்கொண்டார்கள், பிறகு அதையும் மறந்தார்கள்.

பீர் சிலிர்ப்பது கம்பெனிக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடிக் குவளைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, மூடி போட்ட பீங்கான் குவளைகள் அனுப்பினார்கள், பழைய காலத்து முறை என்று அச்சடித்த அட்டையோடு. உறிஞ்ச மூடியில் ஒரு ஓட்டை இருந்தது. உள்ளே பீர் என்ன செய்கிறது என்று இனி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. கலியமூர்த்தி மட்டும் ஒரு கண்ணாடிக் குவளையைப் பழைய துணியில் சுற்றி அலமாரியின் அடியில் வைத்திருந்தார், மாஸ்டர் வந்தால் அதில் ஊற்ற.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காத்தமுத்து வண்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார், சோடா வந்தது, குவளை வந்தது. பழக்கத்தில் அதைப் பார்த்தார். மேடுகள் எல்லாம் வழக்கம்போல நாலா பக்கமும் துடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒன்று, கடுகளவு மேடு, துடிக்காமல் நின்றது; அது அவரைப் பார்த்து நின்றது.

அவர் எழுந்து எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கடுகு சுற்றிவந்து அவர் பக்கம் நின்றது. எழுந்து வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் கண்ணாடிக்குள் அது வாசலைப் பார்த்தது. திரும்பி வந்து, புருஷோத்தமனைத் தோளில் தொட்டு, விரலால் காட்டினார்.

புருஷோத்தமன் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஓ," என்றார். "ஃபண்டு."

"இன்னா ஃபண்டு?"

"உன் பொண்ணு படிப்புக்கு மியூச்சுவல் ஃபண்டுல போட்டமே மாஸ்டர். இதே மேசையில வெச்சு நான்தானே கையெழுத்து வாங்கினேன்? அந்த ஃபண்டுக்காரன் இந்தக் கம்பெனி பங்கும் கொஞ்சம் வாங்கியிருப்பான். எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வாங்குவான்." சுற்றிலும் பீங்கான் குவளைகளோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். "உனக்கு மட்டுமா? இங்கே பாதிப் பேரு நம்ம கிட்ட போட்டவங்கதான். அந்தக் குவளையெல்லாம் திறந்து பாத்தாத் தெரியும்."

"எங்கே போடறேன்னு நீ எங்கிட்டே சொல்லவே இல்லையே."

"நீ கேக்கலையே மாஸ்டர்." புருஷோத்தமன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார், சொல்லிவிட்டு மூடியின் ஓட்டையில் வாயை வைத்தார்.

அது உண்மைதான். ஒரு குவளை பீர் யாருடையது என்று தெரிந்துகொள்ள திண்டிவனம் வரை வண்டியோட்டிய மனிதர், புருஷோத்தமன் பேனாவால் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டபோது, யாருது, எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகள் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். எந்த ஊரிலோ எந்தக் குடோனிலோ ஒரு காவல்காரருக்குத் தன் கையிலிருந்து ஒரு கடுகு சம்பளம் போய்க்கொண்டிருக்கக்கூடும் என்றும், அவரைப் பிடித்துக் கேட்டால் யார் தருகிறார்கள் என்று தெரியாது ஐயா என்று அழக்கூடும் என்றும் அவருக்குத் தோன்றியது. ஃபண்டை எடுத்துவிடலாம். எடுத்தால் கடுகு போய்விடும், பீர் போகாது. அவர் கல்லாப் பக்கம் பார்த்தார். தனிஸ்லாஸ், மேனேஜர் என்று பெயர் குத்திய நீலச் சட்டையில், யாருக்கோ பில்லை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், அவருக்கு மேலே சுவரில் அவருடைய படம் சிரித்துக்கொண்டிருந்தது, குவளையில் எந்த மேடும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கம்பெனி புதிதாக அனுப்பிய பரிமாறும் ஆள் ஒருவர் மேசைகளைத் துடைத்துக்கொண்டே வந்தார். கண்ணாடிக் குவளையைக் கண்டதும் நின்றார்.

"யாருது சார் இது? இந்த மாதிரி குவளை இப்போ கடையிலேயே கிடையாதே."

"என்னுது," என்றார் காத்தமுத்து.

புது ஆள் தலையாட்டிவிட்டு, குவளையைத் தொடாமல் அதைச் சுற்றித் துடைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். தொலைக்காட்சியில் யாரோ அவுட்டாகி நடந்துகொண்டிருந்தார். புருஷோத்தமன் அதைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தார். காத்தமுத்து சோடாவை ஓரமாகத் தள்ளி வைத்தார், ஆட்காட்டி விரலைப் பீரில் நனைத்தார், கொஞ்சம் யோசித்து, தன்னுடைய சட்டையின் வயிற்றுப் பக்கத்தில் ஒரே ஒரு சொட்டு உதறிக்கொண்டார்.